திரைக்கு அளவு

அகலம் முப்பத்தெட்டு அடி.
சுருக்கு விழவேண்டுமென்றால் ஒன்றரை மடங்கு துணி.
இதை எழுதத்தான் போனேன்
வந்தாறுமூலைக்கு,
காலண்டர் தாளின் பின்புறத்தில்.

ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம்.
செங்கலடிச் சந்தியில் ஒரு நிறுத்தம்,
கொஞ்சம் வயல், ஒற்றைக் கொக்கு,
பிறகு கேற்.
இவ்வளவு கிட்டவா இருந்தது!
நாற்பத்திரண்டு வயதில்
முதல் தரம் இறங்குகிறேன்.

காவலாளி அடையாள அட்டையை வாங்கி
பெயரை இரண்டு முறை வாசித்தான்.
"கர்ட்டின் தைக்கிற ஆளா?"
ஓம்.

பழைய கட்டடம் முதலில் பள்ளிக்கூடமாம்.
ஓடு மாற்றியிருக்கிறார்கள்.
தூண்களில் சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு,
விரலால் தட்டினால்
இடத்துக்கு இடம் வேறு சத்தம்.
எனக்குப் பழக்கமான வேலைதான் அது,
உள்துணி வைத்துத் தைப்பது.

கலையரங்கின் திறப்பு பூபாலபிள்ளையிடம்.
சாரத்துக்கு மேலே பல்கலைக்கழகச் சேட்டு,
பையில் ஒரு பேனை, ஒரு பல்லுக்குச்சி.
கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.
உள்ளே முந்நூறு கதிரைகளும்
வெளவால் எச்சத்தின் மணமும்.
மேடையில் பழைய திரை,
மெரூன் வெல்வெட் என்று சொல்லலாம்
எலி விட்டுவைத்த இடங்களில்.

நாடாவின் ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன்.
மறுமுனையோடு நடந்தேன்.
"இழுத்துப் பிடிங்க ஐயா."
"புடிச்சிருக்கன் புள்ள."

மறுகா கேட்டார்:
"ஏறாவூர்ல எவடம்?"

தெருவைச் சொன்னேன்.
நாடா தொய்ந்தது.

தொண்ணூறில் எனக்கு ஏழு வயது.
அந்த வருசம் இந்த வளவுக்குள்
ஊர் ஊராக ஆட்கள் வந்து படுத்திருந்ததும்
பெயர் கூப்பிட்டு ஏற்றிப் போனதும்
எங்கள் பக்கத்தில் யாரும் சத்தமாகக் கதைக்காத விசயம்.
எங்கள் தெருவில் அந்த ஆவணி இரவு நடந்ததை
அவர்கள் பக்கம் எப்படிக் கதைத்தார்கள்
எனக்குத் தெரியாது.

அவர் ஒரு சொல் சொன்னார்: தம்பி.
நான் ஒரு சொல் சொன்னேன்: வாப்பா.

நாடாவை அவர் திரும்ப இழுத்தார்.
முப்பத்தெட்டடி, இரண்டங்குலம் கூட.
எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் பிள்ளைகள் வந்தார்கள்,
மத்தளம், சல்லாரி, ஒரு பை நிறையச் சதங்கை,
இரண்டு பார்சல் கொத்து.
வடமோடிக் கூத்து, நாளைக்குச் சோதனை.
திரை பிடிக்கிற பொடியனுக்குக் காய்ச்சலாம்.
"ஆன்ரி, அஞ்சே நிமிசம்.
ஐயா, நீங்க அந்தப் பக்கம்."

நான் மாதிரிக்குக் கொண்டுபோன
வெள்ளை உள்துணியை அவர்களே விரித்தார்கள்.
ஆளுக்கொரு முனை.
துணிக்கு அந்தப் பக்கம்
ராசாவாக டிலோஜினி.
சுவரோரம் சார்ஜில் கிடந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டு
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

மத்தளம் விழுந்தது.
பலகை அதிர்ந்து என் குதிகாலுக்கு வந்தது.
துணிக்குக் கீழே
சதங்கை கட்டிய இரண்டு பாதங்கள் மட்டும்,
வருகிறேன் வருகிறேன் என்று
வராமலே ஆடின.

எப்போது இறக்குவது?
எனக்குக் கூத்துத் தெரியாது.
அவரைப் பார்த்தேன்.
கண்ணால் சொன்னார்: இன்னும் இல்லை.
கை உளைந்தது.
இன்னும் இல்லை.
தாளம் திரும்பி, திரும்பி,
ஒரு கணம் எல்லாம் நின்ற இடத்தில்
தலையசைத்தார்.
இரண்டு பேரும் ஒன்றாக விட்டோம்.

பத்தொன்பது வயது ராசா
வியர்த்துப்போய்
வெறுங்கதிரைகளுக்கு முன் நின்றாள்,
நாடு முழுவதும் தன்னுடையது என்பதுபோல.

துணியை மடித்துத் தரும்போது அவர்
ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்தார்.
தூசு பட்டுவிட்டது என்றார்.
கழுவலாம் என்றேன்.

செங்கலடியில்தான் ஞாபகம் வந்தது,
உயரம் அளக்கவே இல்லை.
பஸ்ஸுக்குள் இருந்தே கோல் எடுத்தேன்.
"ஓம் புள்ள, தெரியும்" என்றார்.
"நானும் சொல்லல்ல."
பின்னால் சல்லாரி கேட்டது.
"வியாழன் வாங்க.
ஏணி எடுத்து வைக்கிறன்."